அந்த வெள்ளைக் கோடு பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த இரண்டு வாரத்தில் உங்களில் பலருடைய கைபேசிக்கு ஒரு படம் வந்திருக்கும். ஒரு ஸ்லிக் டயர், அதாவது மேலே வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர். அதன் பக்கச்சுவரில் ஒரு வெள்ளைக் கோடு, ரிம்மில் இன்னொரு வெள்ளைக் கோடு, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. "டயர் மாட்டத் தெரியாத கடை" என்று கீழே எழுதியிருக்கிறது. ஆமாம், அது எங்கள் கடையில் மாட்டிய டயர்தான். நேரில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்கத் தயங்கி மனதிலேயே வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தக் கோட்டைப் போட்டதே நாங்கள்தான். எனக்கு அதிகம் வலித்தது இந்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேஸ் டிராக்குக்குப் போகும் ஒவ்வொரு வீலிலும், வால்வுக்கு நேராக, டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டுத்தான் கொடுக்கிறோம். வண்டி ஓடித் திரும்பியதும் குனிந்து பார்த்தால் போதும். கோடு ஒரே நேராக இருந்தால் டயர் போட்ட இடத்திலேயே இருக்கிறது. உடைந்திருந்தால் ரிம்மின் மேல் டயர் சுற்றியிருக்கிறது. கோடு போடாத டயரும் சுற்றும். ஆனால் யாருக்கும் தெரியாது. ஸ்டீயரிங் உதறும், ஓட்டுபவர் அலைன்மென்ட், பேரிங், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவார். அப்படி அலையக் கூடாது என்பதற்காகப் போட்ட கோட்டையே எங்களுக்கு எதிரான சாட்சியாகப் படம் எடுத்துக் காட்டும்போது, என்ன சொல்ல?

டயர் ஏன் சுற்றுகிறது? ரேஸ் டயரின் பக்கச்சுவர் சாதாரண டயரைப்போல வளைந்து கொடுக்காது. பீட், அதாவது ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் கம்பி வைத்த விளிம்பு, அத்தனை இறுக்கமானது. பசை, அதாவது ஒட்டுவதற்கு அல்ல, டயர் வழுக்கி ஏறுவதற்காகத் தடவும் பேஸ்ட், தடவாமல் ஏற்றினால் அந்த விளிம்பு கிழியும், கிழிந்த டயரை நம்பி யாரும் வேகமாகப் போக முடியாது. அதனால் பசை கட்டாயம். காய்ந்த பிறகு அது சிக்கல் தராது, ஈரமாக இருக்கும்வரை வழுக்கும். இப்போது வேகத்தில் பிரேக்கை அழுத்துங்கள். டிஸ்க் ரிம்மைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, தரையில் ஒட்டிய ஸ்லிக் டயரோ உருண்டுகொண்டே இருக்கப் பார்க்கிறது. நடுவில் இருப்பது பீட் ஒன்றுதான். எஞ்சின் இழுக்கும் வீலில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் இதே கதைதான், திசை மட்டும் மாறும்.

அந்த வண்டி எங்கள் கடையிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் டிராக்கில் இறங்கிவிட்டது. போதாததற்கு, சூடானால் அழுத்தம் ஏறும் என்பதால் அங்கே காற்றையும் இறக்கியிருக்கிறார்கள். டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் காற்றழுத்தம் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை கூடும் என்பது உண்மை, இறக்கியதில் தவறில்லை. ஆனால் பீட்டை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பதே காற்றுதான். அழுத்தம் குறைவு, பசை ஈரம், முதல் சுற்றிலேயே முழு பிரேக். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அன்று பசையும் சற்றுக் கூடுதலாகவே தடவப்பட்டிருந்தது.

டியூப் இல்லாத டயர் என்பதால் வால்வு அறுபடவில்லை, காற்றும் போகவில்லை. பேலன்சிங், அதாவது வீல் உதறாமல் சுற்ற ரிம்மில் சிறு எடை ஒட்டிச் செய்யும் சமன், அது மட்டும் கெட்டது. டயரின் கனமான பக்கத்துக்கு எதிரே ஒட்டிய எடை, டயர் நகர்ந்த பிறகு வேறெங்கோ நின்றுகொண்டு உதறலைக் கூட்டத்தானே செய்யும்?

அந்தப் படத்துக்குக் கீழே ஒருவர், "60, 70 என்று காற்றை ஏற்றி நன்றாக உட்கார வைத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பீட் உட்காரும்போது இரண்டு பக்கமும் "டப், டப்" என்று சத்தம் கேட்கும். 40 பிஎஸ்ஐக்குள் அது கேட்கவில்லை என்றால் காற்றை முழுதும் இறக்கி, பீட்டைத் தளர்த்தி, பசை தடவி மறுபடி ஏற்ற வேண்டும். மேலே மேலே ஏற்றினால் பீட் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கையோ முகமோ போய்விடும். இந்தத் தொழிலில் நான் உண்மையாகவே பயப்படுவது இதற்குத்தான். எங்கள் கடையில் எவ்வளவு அவசரமானாலும் 40ஐத் தாண்டுவதில்லை.

இன்னொன்று. டயர் சுற்ற வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது என்றும் ஒரு பேச்சு வந்தது. வீல்களை இடம் வலமாக மாற்றிப் போட்டால் அம்பும் மாறித்தான் நிற்கும். மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், டயரை ரிம்மிலிருந்து கழற்றி, திசை மாற்றி மாட்டித் தருகிறோம்.

எங்களோடு பல வருடம் இருந்த மூத்த ஃபிட்டர் போன மாதம் சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டார். அவர் கை பழகிய கை. தடவும் பசையின் அளவு அவர் விரலுக்கே தெரியும். இப்போது இருக்கும் தம்பிகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், நன்றாகவே கற்கிறார்கள். அவர்களை யாரும் கடிந்து பேச வேண்டாம். பேச வேண்டுமானால் என்னிடம் பேசுங்கள்.

இனிமேல் டிராக் டயர்களை மாட்டிய அன்றே தர மாட்டோம். வீலை ஒரு நாள் முன்னதாகவே கொண்டு வாருங்கள். பசை காய ஒரு நாள் விடுவோம். மறுநாள் பேலன்சிங்கை மீண்டும் ஒருமுறை பார்த்து, பழைய எடையின் கோந்தைச் சுரண்டித் துடைத்து, புதிய எடையை ஒட்டி, அதன் மேல் டேப் போட்டுத் தருவோம். ஒரு நாள் வீல் கையில் இருக்காது என்பது உங்களுக்குச் சிரமம்தான். கூலியும் அடுத்த மாதத்திலிருந்து கொஞ்சம் கூடும்.

உங்கள் பங்குக்கு இரண்டே இரண்டு. முதல் சுற்றுகளை நிதானமாக ஓட்டி டயரைச் சூடாக்குங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, வீல் ஆறியதும், நட்டுகளை எதிரெதிராக டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள், கையோடு கோட்டையும் பாருங்கள். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் துப்பாக்கியால் மட்டும் முறுக்கி முடித்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் போல்ட், நீண்டுபோவது வெளியே தெரியாது.

படம் சுற்றிய அந்த வாரத்திலும் வழக்கம்போல நான்கு நான்கு வீலாகக் கொண்டுவந்து இறக்கியவர்களை நான் மறக்க மாட்டேன். ஒருவர் தன் வீலில் இருந்த கோட்டைக் காட்டி, "ஆறு முறை ஓடியிருக்கேன், ஒரு நூல்கூட நகரலை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

படத்தில் இருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க ஓட்டலாம் என்று ஆசையாகப் போனவர், பாதியில் திரும்ப வேண்டியிருந்தது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நான்கு வீலையும் கொண்டு வாருங்கள். கழற்றி, துடைத்து, நானே என் கையால் மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம். ஒரு நாள் மட்டும் கடையில் விட்டுப் போங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்