மைக்கல்சன்–மோர்லி பரிசோதனை தோற்றதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ-லெவல் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பேத்திக்குக் கொடுக்கலாம் என்று வெட்டி வைத்தேன். நல்ல முயற்சி. ஆனால் கொடுப்பதற்கு முன் பௌதிகவியல் பகுதியில் இரண்டு இடங்களில் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. ஏக்யூஏ என்ற இங்கிலாந்துப் பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தில், பௌதிகவியலின் திருப்புமுனைகளைச் சொல்லும் 'டேர்னிங் பாயின்ட்ஸ்' பகுதிக்குப் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்று. மைக்கல்சன்–மோர்லி பரிசோதனை 'தோல்வியில் முடிந்தது' என்பது மற்றது.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். இப்போது லண்டனில் சனிக்கிழமைகளில் எனக்கு ஒரேயொரு மாணவி. அவள் எலக்ட்ரான் என்பாள், நான் இலத்திரன் என்பேன். விஸ்கோசிட்டிக்கு நான் சொன்ன 'பிசுக்குமை' என்ற சொல்லைக் கேட்டு ஒரு கிழமை சிரித்தாள்.

ஏக்யூஏ பாடத்திட்டத்தின் மூன்றாவது தாளுக்கு 80 மார்க். அதில் 35 மார்க், விருப்பப் பகுதிகள் ஐந்தில் ஒன்றுக்கு; 'டேர்னிங் பாயின்ட்ஸ்' அந்த ஐந்தில் ஒன்று. எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளிக்கூடமே முடிவு செய்துவிடுகிறது. பேத்தியின் பள்ளியில் இந்தப் பகுதியைக் கடைசி சில கிழமைகளில் அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். அதனால் அவளும் இதை ஒரு கதைப் புத்தகம் மாதிரித்தான் வாசித்து வைத்திருந்தாள். தொம்சன் 1897, மிலிக்கன், ஐன்ஸ்டைன் 1905 என்று கடகடவென ஒப்பிப்பாள்.

பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எந்த ஆண்டு என்று கேட்கும் கேள்வி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சூத்திரங்களும் தாளோடு தரும் கையேட்டிலேயே இருக்கின்றன. அப்படியென்றால் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியது, எந்தச் சூத்திரத்தை எந்தக் கட்டத்தில் எதற்காக எடுப்பது என்பது. இலத்திரனின் மின்னேற்றத்தை அளக்க மிலிக்கன் எடுத்த எண்ணெய்த் துளியைப் பாருங்கள். மின்புலம் இல்லாமல் துளி சீரான வேகத்தில் விழும்போது அதன் எடையும் காற்றின் இழுவையும் சமம். அதிலிருந்துதான் ஆரை கிடைக்கும், ஆரையிலிருந்து எடை. அப்புறம்தான் மின்னழுத்தத்தைக் கொடுத்துத் துளியை அந்தரத்தில் நிறுத்தி மின்னேற்றத்தைக் கணக்கிடுவது. முதல் கட்டத்தை விட்டுவிட்டு நேரே இரண்டாவதற்குத் தாவுகிற பிள்ளைகளை நான் ஊரிலும் கண்டிருக்கிறேன். எண்ணெய்த் துளியைத் தராசில் வைத்தா நிறுத்தார்?

இலத்திரனின் மின்னேற்றத்துக்கு மிலிக்கன் 1913இல் வெளியிட்ட மதிப்பு 1.592 × 10⁻¹⁹ கூலோம். இன்றைய மதிப்பு 1.602. காற்றின் பிசுக்குமைக்கு, அதாவது துளியை இழுத்துத் தடுக்கும் தன்மைக்கு, அவர் எடுத்த எண் சற்றுக் குறைவாக இருந்ததுதான் வித்தியாசத்துக்கு முக்கிய காரணம். அது குறைந்தால் மின்னேற்றம் ஏன் குறைய வேண்டும் என்று பேத்தியிடம் கேட்டேன். அரை மணி நேரம் பேச்சு மூச்சில்லை. பிறகு தாளை நீட்டினாள். ஆரை பிசுக்குமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, எடை ஆரையின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) பொறுத்தது, ஆகவே பிசுக்குமை ஒரு சதவீதம் குறைந்தால் மின்னேற்றம் ஒன்றரைச் சதவீதம் குறையும். மனப்பாடம் செய்து இதை எழுத முடியாது.

ஒளியின் வேகத்தை அளந்த ஃபிசோவின் கதையும் இப்படித்தான். 1849இல் பாரிஸ் பக்கத்தில் 720 பல் கொண்ட சக்கரம் ஒன்றைச் சுழற்றி, அதன் இடைவெளி வழியாக ஒளியை 8,633 மீட்டர் தூரத்தில் இருந்த கண்ணாடிக்கு அனுப்பினார். சக்கரம் செக்கனுக்கு 12.6 முறை சுற்றியபோது, திரும்பி வந்த ஒளியை அடுத்த பல் மறைத்தது. கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள். பேத்தி கணக்குப் போட்டபோது முதல் தடவை வந்த விடை சரியானதில் கால்வாசி. ஒளி போய்த் திரும்புகிறது என்பதை மறந்துவிட்டாள். இடைவெளியிலிருந்து பக்கத்துப் பல்லுக்கு வர 1,440இல் ஒரு பங்கு சுற்றுப் போதும் என்பதையும் கவனிக்காமல் 720ஐப் போட்டிருந்தாள். இரண்டையும் திருத்தியதும் செக்கனுக்கு 3.13 × 10⁸ மீட்டர் வந்தது. பல்லும் கண்ணாடியுமாக எடுத்த அளவு இவ்வளவு கிட்ட வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

சரி, மைக்கல்சன்–மோர்லிக்கு வருகிறேன். 1887இல் கிளீவ்லாந்தில் இருவரும் ஒரு கனத்த கற்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கண்ணாடிகளை வைத்து, ஒளியின் பாதையைச் சுமார் 11 மீட்டருக்கு நீட்டினார்கள். ஒளி அலைகளைத் தாங்கிச் செல்லும் ஊடகம் என்று அப்போது நம்பிய ஈதரை, பூமி செக்கனுக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கிழித்துக்கொண்டு போகிறதென்றால், பலகையைத் திருப்பும்போது ஒளிப் பட்டைகள் ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும். அப்படி எதுவும் நகரவில்லை. இருந்த சிறு அசைவும் எதிர்பார்த்ததில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அவர்களே எழுதினார்கள்.

இதைத் தோல்வி என்றால் பிள்ளை பரீட்சையில் என்ன எழுதும்? கருவி சரியில்லை என்று எழுதும், மார்க் போகும். அந்தக் கருவி 0.4 பங்கு நகர்ந்திருந்தால் சந்தேகமில்லாமல் காட்டியிருக்கும். அவ்வளவு நுட்பமான கருவியில் நகர்வு தெரியவில்லை என்பதுதான் கண்டுபிடிப்பு. விடைத்தாளில் எதிர்பார்ப்பதும் அந்தத் தொடர்ச்சியைத்தான்: எதை எதிர்பார்த்தார்கள், எதைக் கண்டார்கள், அதனால் ஈதர் என்ற எண்ணத்துக்கு என்ன ஆயிற்று. மைக்கல்சனுக்கே அந்த முடிவில் மனம் நிறையவில்லை என்பது உண்மை. அது அவருடைய கவலை, பரீட்சை எழுதுபவருக்குத் தேவையில்லை.

ஆறு மார்க் கேள்விகளிலும் இந்த ஒழுங்குதான் கைகொடுக்கும். ஒளி ஓர் அலை என்ற ஹைகன்ஸின் கொள்கையை ஏன் இவ்வளவு காலம் ஏற்கவில்லை என்று கேட்டால், 'நியூட்டன் பெரிய ஆள்' என்பதோடு நிறுத்தினால் ஒரு மார்க்கோ இரண்டோதான். தண்ணீருக்குள் ஒளி காற்றைவிட வேகமாகப் போகும் என்றது ஒளியைத் துகள்களாகப் பார்த்த நியூட்டன் கொள்கை, மெதுவாகப் போகும் என்றது ஹைகன்ஸ் கொள்கை. அதை அளந்து தீர்க்க அப்போது வழி இல்லை. ஒளி அலைபோல் நடப்பதைக் காட்டிய யங்கின் இரட்டைப் பிளவுப் பரிசோதனை வந்த பிறகும் உடனே எல்லோரும் மனம் மாறவில்லை. 1850இல் ஃபூக்கோ அளந்து, தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்று காட்டும்வரை வழக்கு இழுபட்டது.

கட்டுரையோடு அரைப் பக்கத்துக்கு ஓர் ஆண்டு அட்டவணை போட்டிருந்தீர்கள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வந்தால், அந்த இடத்தில் ஃபிசோவின் கணக்கைப் போடுங்கள், விடையைத் தலைகீழாக அச்சிடலாம். 'தோல்வி' என்ற சொல்லுக்கு இந்த இதழிலேயே ஒரு திருத்தம் வந்தால் நல்லது. மே மாதம் பரீட்சை தொடங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
லண்டன்