முதலில் நோடு, பிறகு ரிப்பீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் புதிதாக உரிமம் பெறுபவர்களில் சிலர், எடுத்த எடுப்பிலேயே, பிறர் பேச்சை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வீட்டில் நிறுவ முயன்று, அது சரிவர இயங்காததால் மனம் வெறுத்துக் கருவிகளைப் பரணில் ஏற்றிவிடுவதைப் பார்த்து வருகிறேன். ரேடியோ பேச்சை இணையம் வழியே தொலைவில் உள்ளவர்களோடு இணைக்கும் நோடு என்னும் சிறிய நிலையம் ஒன்றை முதலில் அமைத்துப் பழகுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை அதே கணத்தில் மற்றோர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புகிறது. 2 மீட்டர் அலைவரிசையில் இவ்விரண்டுக்கும் நடுவே வழக்கமாக இருப்பது 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. நல்ல ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலையும் பிடித்துவிடும். பக்கத்திலேயே 10 வாட்டில் இயங்கும் டிரான்ஸ்மிட்டரின் திறனோ அந்தச் சிக்னலைப் போலப் பத்தாயிரம் லட்சம் கோடி மடங்குக்கும் மேல். ரிசீவர் செவிடாகிவிடாமல் காப்பது டூப்ளெக்ஸர். இந்த அலைவரிசைக்கு அது அரை மீட்டர் அளவுள்ள உலோக உருளைகள் பலவற்றைக் கோத்த கனமான அமைப்பு. உரிய அளவுகருவி இல்லாமல் அதை டியூன் செய்ய இயலாது. இத்தனையும் செய்தாலும், ஆண்டெனா உயரத்தில் இல்லையெனில் ரிப்பீட்டரால் பெரிய பயன் இல்லை. பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதியும் பெற வேண்டும்.

நோடு அப்படியன்று. ஒரே அதிர்வெண்ணில் மாறி மாறிக் கேட்டும் பேசியும் இயங்கும் சிம்ப்ளெக்ஸ் நோடுக்கு டூப்ளெக்ஸரே வேண்டாம். குறைந்த திறனுள்ள ஒரு ரேடியோ, ஒலி இடைமுகம், சிறு கணினி ஆகியவை போதும். 1997இல் தொடங்கிய ஐஆர்எல்பி, 2002இல் வந்த எக்கோலிங்க், ஆஸ்டரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருளின் மேல் எழுந்த ஆல்ஸ்டார் என நோடுகளை இணையத்தின் வழியே ஒன்றோடொன்று இணைக்கும் வழிகள் பல உள்ளன. எக்கோலிங்க் நோடுக்கு ரவுட்டரில் இணையத் தரவு வந்துபோகும் வாயில்களான போர்ட்டுகளில் 5198, 5199 ஆகிய யுடிபி போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டும். இணைய நிறுவனம் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தால் ரவுட்டரில் என்ன செய்தாலும் போர்ட் திறக்காது என்பதையும், அப்போது ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைக் கணினி வழியாகத்தான் இணைய வேண்டும் என்பதையும் முன்பே அறிந்திருந்தால் பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

என் முதல் நோடில், குறித்த டோன் சேர்ந்து வந்தால் மட்டுமே ஒலியை உள்ளே விடும் டோன் ஸ்குவெல்ச்சைப் போடாமல் விட்டேன். அருகிலிருந்த மலிவான பவர் சப்ளையின் இரைச்சல் இரவில், சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துகொண்டு, பல நாட்டினர் பேசிக்கொண்டிருந்த கான்ஃபரன்ஸுக்குள் ஒரே ரீங்காரமாய்ப் போயிருக்கிறது. காலையில் நான் கண்டது, ரேடியோவில் அணையாமல் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கையும், என் நோடின் ஒலியை நிர்வாகி தடுத்துவிட்டார் என்ற செய்தியையும்தான். பிறர் உரையாடலைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று மிகவும் வருந்தினேன். அன்றே 88.5 ஹெர்ட்ஸ் டோனையும், மூன்று நிமிடத்தில் தானாகத் துண்டிக்கும் டைமரையும் அமைத்தேன். வெளியிலிருந்தே நோடை நிறுத்தும் வழியையும் அதன்பிறகு செய்துகொண்டேன். இதே தவறு உயரமான இடத்தில் இருக்கும் ரிப்பீட்டரில் நேர்ந்திருந்தால், அந்த வட்டாரம் முழுவதும் அலைவரிசையே முடங்கியிருக்கும்.

இவற்றில் கை பழகிய பிறகு, நண்பர்கள் சிலர் சேர்ந்து ரிப்பீட்டரை அமைக்கலாம். அதற்கு இணைய இணைப்பும் கொடுக்கலாம். ஆனால் புயலிலும் வெள்ளத்திலும் முதலில் அறுபடுவது பெரும்பாலும் இணையமே என்பதால், அது இல்லாமலும் ரிப்பீட்டர் உள்ளூர்ப் பேச்சைக் கடத்த வேண்டும். மாதம் ஒருமுறை ரவுட்டரின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் ரிப்பீட்டரை இயக்கி, கையடக்க ரேடியோவில் ஒருவரையொருவர் அழைத்துப் பார்க்குமாறு அதை நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற வாசகர்