காதைக் குடு

லெஸ்டர், இங்கிலாந்து,
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று தம்பி சிரிப்பான். போனில் உங்கள் படகு எஞ்சின் கராஜில் வேலை பழகுகிற கிண்ணியாத் தம்பியைப் பற்றி நான் தொடங்கினாலே "சரி மகள், அம்மாவோட கதையுங்கோ" என்று கொடுத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பீர்கள்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்கள். இப்போது உங்களுக்கும் எனக்கும் இடையில் ஐந்தரை மணித்தியாலம். பின்னேரம் ஐந்து மணிக்குள் நல்ல இருட்டு. குளிரைக்கூடத் தாங்கலாம், கடல் இல்லாததுதான் கஷ்டம். திருகோணமலையில் எங்கே நின்றாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். இங்கே வந்து இரண்டு கிழமை எனக்குத் திசையே பிடிபடவில்லை. பெல்கிரேவ் ரோட்டுக் குஜராத்திக் கடைகளில் முருங்கைக்காய் வாங்கலாம். விலையை மட்டும் அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

படிப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு "ஏதோ எச்.ஆர்." என்று சொல்கிறீர்களாம், தம்பி சொன்னான். வேலைத்தளப் பயிற்சியும் மனிதவள அபிவிருத்தியும், அப்பா. ஒரு வருட முதுமாணி, 180 கிரெடிட், அதில் 60 கடைசியில் எழுதும் ஆய்வுக்கு. மனிதர்கள் வேலையை எப்படிப் பழகுகிறார்கள், பழக்குகிறவர் எங்கே பிழை விடுகிறார், அதற்குப் போட்ட காசு திரும்பி வருகிறதா, இதுதான் விஷயம்.

நிலாவெளிப் பக்கம் அந்த ஹோட்டலில் மூன்று வருடம் பயிற்சி அலுவலராக இருந்தேனே, அதை நினைத்து முதல் மாதமே வெட்கப்பட்டேன். புரொஜெக்டர், தேத்தண்ணி, ரோல்ஸ், கடைசியில் "இன்றைய பயிற்சி எப்படி இருந்தது?" என்று ஒரு படிவம். எல்லோரும் "மிக நன்று" என்று கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் ரூம் வேலை பழையபடிதான் நடக்கும். கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-லேயே நான்கு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறார்: பிடித்ததா, பழகினானா, வேலையில் செய்கிறானா, அதனால் வேலைத்தளத்துக்கு என்ன பலன். நான் மூன்று வருடமும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை. அந்தப் படிவத்தை இங்கே "ஹாப்பி ஷீட்" என்று கேலி செய்கிறார்கள். ரோல்ஸ் நன்றாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். ஒரு பண்டகசாலையில் சாமான் பொறுக்கி அடுக்கும் வேலை எடுத்திருக்கிறேன். முதல் நாள் ஒரு வீடியோ காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் ஒரு குஜராத்தி அன்ரி வந்தா. முன்னே இந்த வேலை செய்திருக்கிறாயா என்று கேட்டா. ஆறுதலாகச் செய்து காட்டினா. என்னைச் செய்யவிட்டு, ஏன் அப்படிச் செய்தாய் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தா. அன்றைக்கே மூன்று தரம் திரும்பி வந்து பார்த்தா. இரண்டாம் உலகப் போரில் ஃபாக்டரிகளுக்குப் புது ஆட்கள் வந்து குவிந்தபோது, அமெரிக்காவில் மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த நான்கு படிகளும் இவைதான். போருக்குப் பிறகு அது யப்பானுக்குப் போய் டொயோட்டா வரை சேர்ந்தது. அந்த நாளில் கொடுத்த சின்ன அட்டையில் ஒரு வரி இருக்கும்: பழகுகிறவன் பழகவில்லையென்றால் பழக்கியவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்ரி அந்த அட்டையைக் கண்டே இருக்கமாட்டா. உங்கள் வசனம் வேறு, அப்பா: "மண்டையில ஏறல்லையெண்டால் நான் என்ன செய்ய?"

கோபிக்காதீர்கள், உங்கள் பக்கமும் வருகிறேன். கிண்ணியாத் தம்பி திருக்கடலூர்க் கராஜுக்கு வந்த முதல் வருடம் முழுக்க மண்ணெண்ணெயில் எஞ்சின் சாமான் கழுவினானே. "பொடியனை வைத்துச் சட்டி கழுவுவிக்கிறீங்கள்" என்று நான் உங்களோடு சண்டை பிடித்தேன். இங்கே ஜீன் லேவ் என்ற ஆய்வாளர் லைபீரியாவில் தையற்காரரிடம் வேலை பழகுகிறவர்களைப் பார்த்து எழுதியதை வாசித்தேன். அங்கே பொடியன்கள் தொடங்குவது பொத்தான் தைப்பது, கரை மடிப்பது, அயர்ன் பண்ணுவது. வெட்டுவது கடைசியில். பொத்தான் பிழைத்தால் கழற்றித் தைக்கலாம், வெட்டு பிழைத்தால் துணி போச்சு. அதோடு முடிந்த சட்டையைக் கையில் வைத்திருப்பதால், அது எப்படி இருக்கவேண்டும் என்று முதலிலேயே தெரிந்துவிடும். கிண்ணியாத் தம்பிக்கு அவுட்போட் எஞ்சினின் ஒவ்வொரு சாமானும் கைக்குத் தெரிந்தது அந்தக் கழுவலில்தான். அந்தச் சண்டையில் நீங்கள் வென்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று இருக்கிறது. எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்று, "மேல் பிளக்கைக் கழட்டு" என்பீர்கள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால் "காதைக் குடு." ஆறு வருடமாக அதே பதில். நமக்குத் தெரிந்தது நாம் சொல்லக்கூடியதைவிடக் கூட என்று பொலானி என்றவர் 1966-ல் எழுதினார், அது சரிதான். உங்கள் "காதைக் குடு"வில் பாதி சொல்ல முடியாதது. மற்றப் பாதி சொல்ல விருப்பமில்லாதது என்று நினைக்கிறேன்.

காரணமும் தெரியும். முந்தின பொடியன் எல்லாம் பழகிவிட்டு உப்புவெளியில் சொந்தக் கராஜ் போட்டான். இதைப் பற்றி 1964-ல் கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் எழுதினார், பிறகு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எங்கும் கொண்டுபோகக்கூடிய வேலையைப் பழக்க முதலாளி காசு போடமாட்டார். பழகுகிறவன் குறைந்த சம்பளம் வாங்கித் தானே அந்தச் செலவைக் கட்டுகிறான். வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. கிண்ணியாத் தம்பி சாப்பாடும் பஸ் காசும் மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் கழுவினானே! அவன் தன் கணக்கைத் தீர்த்துவிட்டான், அப்பா. இங்கிலாந்தில் 2017-லிருந்து, வருடச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணுக்கு மேலுள்ள கம்பனிகளிடம், அதற்கு மேற்பட்ட தொகையில் அரை வீதத்தைப் பயிலுநர் பயிற்சிக்கென்று அரசு அறவிடுகிறது. நம் கராஜுக்கு அப்படி ஒன்றும் வராது, பயப்படாதீர்கள்.

கேட்க வந்தது இதுதான். அவனிடம் கைவேலை இருக்கிறது, கடதாசி இல்லை. முன்னே பழகிய வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது, திரும்பவும் வகுப்பில் குந்தத் தேவையில்லை. தொழிற்பயிற்சிக்கான அரச அதிகாரசபையான நைட்டாவில் விசாரிக்க அவனுக்கு ஒரு நாள் லீவு கொடுங்கள். உங்களிடம் வேலை பழகினான் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினால் தம்பி டைப் பண்ணுவான். சான்றிதழ் கிடைத்தால் போய்விடுவான் என்பீர்கள். போகலாம்தான். கல்யாணம் பேசுகிறார்கள் என்று அம்மா சொன்னா, எப்படியும் போவான்.

எனக்கும் ஒரு உதவி. அடுத்த எஞ்சின் வரும்போது தம்பியின் போனில் சத்தத்தைப் பதியச் சொல்லுங்கள். என்ன கேட்டது, வேறு மாதிரிக் கேட்டிருந்தால் எதைக் கழட்டியிருப்பீர்கள் என்று அதிலேயே சொல்லுங்கள். ஆய்வுக்கு எடுக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். முதலில் கிண்ணியாத் தம்பியைக் கேட்க வையுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், மிளகாய்த்தூள் முடிகிறது. இந்த முறை கொஞ்சம் கருக வறுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்