'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சமையல் பக்கத்தில் ராகி சேமியா, கம்பு நூடுல்ஸ், கோதுமை பாஸ்தா என்று எது வந்தாலும் மேலே 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று ஒரு வரி போட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு தட்டில் மாவுச்சத்து எத்தனை கிராம் என்பதையும் கூடவே போடுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை இருக்கிறது, அந்த வரியை நம்பி இரண்டு பேரும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

வேகவைக்காத சாதாரண பாஸ்தா 100 கிராமில் மாவுச்சத்து 70 முதல் 75 கிராம். ராகியில் 65-க்கு மேல். ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், நல்ல தானியம்தான், ஆனால் சர்க்கரை ஏறுவதைத் தடுக்க இந்த வித்தியாசம் பெரிதாக உதவாது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2025-ல் வந்ததே, அதிலும் இதுதான்: நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அந்த மொத்த அளவைக் குறைக்காமல் அரிசி, மைதாவுக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. போதாததற்கு, கடையில் 'மில்லட்' என்று விற்கும் பல பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் முதலில் இருப்பதே கோதுமை ரவையோ மைதாவோதான். எடை அதிகமான பொருளைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி.

சரி, பாஸ்தா ஆசைக்கு என்ன செய்வது? சுரைக்காயும் சௌசௌவும் இருக்கிறதே, 100 கிராமில் 5 கிராம் மாவுச்சத்துகூட இல்லை. தோலைச் சீவி, விதைப்பகுதியை விட்டுவிட்டு பீலரால் நீள நீளமாக இழுத்து, உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டு, அதிகத் தீயில் இரண்டே நிமிடம் வதக்க வேண்டும், தண்ணீரில் கொதிக்கவிட்டால் குழைந்துவிடும். அப்புறம் பூண்டு, தக்காளி, மிளகு, கூடவே முட்டையோ பன்னீரோ சேர்த்தால் வயிறும் நிறையும். என்னைக் கேட்டால் சௌசௌதான் மேல், கடித்தால் பாஸ்தா போலவே கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கோன்ஜாக் என்ற கிழங்கிலிருந்து செய்து ஆன்லைனில் விற்கும் நூடுல்ஸில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம், ஆனால் விலை அதிகம். அந்தக் கிழங்கு சேனைக்கிழங்கின் உறவுதான், அதற்காகச் சேனையை அதற்குப் பதிலாக நினைத்துவிடக் கூடாது, சேனையில் மாவுச்சத்து நிறைய.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி, உடம்பில் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுக்கிறவர்களும் திடீரென்று மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம், டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டுதான் மாற வேண்டும். கிராம் கணக்கோடு இந்த எச்சரிக்கையையும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்