90 நாள் எப்போதோ முடிந்துவிட்டது

சாலை விபத்துகளையும் வாகனத் தீயையும் விசாரிக்கும் காவல்துறை, போக்குவரத்துத் துறை, தடய அறிவியல் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

எந்த ஊர், எந்த ஸ்டேஷன், என்ன குற்ற எண் என்று இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அதையும் வெட்டி ஒட்டி இன்னொரு வீடியோ போட்டுவிடுவார்கள். உங்களுக்கு வழக்கு தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கு இல்லாமல் நின்ற லாரி, அதன் பின்னால் மோதி எரிந்த வெள்ளைக் கார், உள்ளே ஒருவர், நேரம் அதிகாலை இரண்டு மணி. அந்த ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். ஏழு மாதம் ஆகிறது. விசாரணை அறிக்கை கேட்டு நான்கு மனு கொடுத்திருக்கிறேன், நான்குக்கும் ரசீது வைத்திருக்கிறேன்.

போன வாரம் எட்டாவது படிக்கும் அக்கா மகள் பள்ளியிலிருந்து வந்தவள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "அப்பாவை உள்ளே வெச்சுப் பூட்டிட்டாங்களாமே, நிஜமா மாமா?" என்று கேட்டாள். கூடப் படிக்கும் பிள்ளை யாரோ செல்போனில் காட்டியிருக்கிறது. "தெரியலம்மா" என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அன்று ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இந்த மடல்.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வழியில் போன யாரோ எடுத்தது, ஒரு நிமிடம்கூட வராது. மறுநாள் காலையிலேயே ஒரு சேனல் அதை எடுத்து, கார்க் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்டு, விபத்தா கொலையா என்று தலைப்பும் வைத்தது. வட்டத்துக்குள் ஓர் ஆள் நிற்கிறானாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் அந்த இடத்துக்குப் போய், வீடியோ எடுத்தவர் நின்றிருக்கக்கூடிய இடத்திலேயே நின்று பார்த்தேன். அது கிலோமீட்டர் கல். ஒரு பக்கம் மட்டும் புகை படிந்து கருத்துப்போய் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அந்தக் கல்லை ஆள் என்று நம்பிய பல ஆயிரம் பேரில் ஒருவராவது நேரில் போய்ப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. உங்களில் ஒருவர் அன்றே "அது கல்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வட்டம் அத்தோடு போயிருக்கும்.

ஒன்று போனால் ஒன்று வந்தது. லாரியை வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்றார்கள். காரை ரிமோட்டில் இயக்கினார்கள் என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மைக்கேல் ஹேஸ்டிங்ஸ் என்ற பத்திரிகையாளரின் கார் மரத்தில் மோதி எரிந்தபோது அங்கே கிளம்பிய பேச்சை அப்படியே கொண்டுவந்து எங்கள் மாமா மேல் போட்டார். மாமாவுடையது பழைய சின்னக் கார், கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் நினைக்கலாம். போக முடியவில்லை. காரணம், நானே ஒரு மாதம் நம்பினேன். மாமா ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பந்தல், பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் பணத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். அந்த லாரியின் முதலாளி கூட்டாளிக்குப் பக்கத்து ஊர் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், எனக்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்த ஆரம்பித்துவிட்டது. காரியத்தன்று அந்த அண்ணன் வந்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். பந்தல் போட்டது அவர் கடை ஆட்கள்தான், காசு வாங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, இல்லை இன்னும் சந்தேகப்படுவதா? அவர் கடைக்குக் கல்யாண ஆர்டர் குறைந்துபோனது. குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, குற்றம் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. என் அக்கா அளவுக்கு அவரும் உங்கள் அறிக்கைக்காகத்தான் காத்திருக்கிறார்.

சரி, அந்த அறிக்கை எப்போது வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விதி சொல்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை ஒழுங்காகப் பின்பற்றச் சொல்லி உத்தரவிட்டது. நான் வக்கீல் இல்லை, இதை எனக்குச் சொன்னது இன்சூரன்ஸ் ஆபீசில் வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவர், மகனை இழந்தவர். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் லேப் ரிப்போர்ட் வரவில்லை என்கிறார் ரைட்டர். லேபில் கேட்டால் ஸ்டேஷனுக்குத்தான் சொல்வோம் என்கிறார்கள். வாகன ஆய்வாளர் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, முழுவதும் எரிந்துவிட்டதால் பிரேக்கைப் பரிசோதிக்க இயலவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். எங்களுக்கு இதுவரை கிடைத்த ஒரே விளக்கம் அந்த ஒரு வரிதான்.

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் சூர்யா ஆற்றுப் பாலத்தில் கார் மோதி டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். மோதுவதற்கு 5 நொடிக்கு முன் வேகம் 100 கிலோமீட்டர், மோதும்போது 89 என்று காரில் இருந்த பதிவை எடுத்துக் கார் கம்பெனி சில நாட்களிலேயே போலீசாரிடம் சொல்லிவிட்டது. பின் சீட்டில் இருந்து இறந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்பதும் ஊருக்கே தெரிந்தது. எங்கள் காரில் அந்த மாதிரிப் பதிவுக் கருவி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பார்த்துச் சொல்ல ஆள் கூடவா இல்லை?

2023 அக்டோபரில் இங்கிலாந்தில் லூட்டன் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடம் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நாசமாயின. மின்சார கார்தான் வெடித்தது, மறைக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் பேச்சு. மறுநாளே தீயணைப்புத் துறை அதிகாரி வெளியே வந்து, டீசல் காரிலிருந்து பரவியதாகத்தான் தெரிகிறது என்று சொன்னார். அதற்கப்புறமும் நம்பாதவர்கள் நம்பவில்லைதான். இளவரசி டயானா கார் விபத்தில் இறந்தது 1997 ஆகஸ்ட் 31. லண்டன் போலீஸ் தனியாக விசாரித்து 2006 டிசம்பரில் 832 பக்க அறிக்கை கொடுத்தது. டிரைவரின் ரத்த மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்ற புகாருக்கு டி.என்.ஏ. வரைக்கும் பார்த்துப் பதில் சொன்னார்கள். 2008 ஏப்ரலில் நடுவர் குழு, டிரைவரும் துரத்தி வந்த வண்டிகளும் அலட்சியமாக ஓட்டியதுதான் காரணம் என்றது. இன்றைக்கும் அதை நம்பாமல் வீடியோ போடுகிறவர்கள் உண்டு. அதைக் காட்டி, "எவ்வளவு சொன்னாலும் பேசத்தான் செய்வார்கள்" என்று என்னிடம் ஒரு அதிகாரி சொன்னார். பேசட்டும். ஆனால் அங்கே பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இல்லை.

கோபத்தில் வேறு எங்கோ போகிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் டேங்க் ஃபுல் பண்ணினால் வண்டி வெடிக்கும் என்று ஒவ்வொரு சித்திரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தியன் ஆயில் எத்தனையோ தடவை மறுத்துவிட்டது, இன்னும் சுற்றுகிறது. ஆனால் உண்மையிலேயே தீப்பிடிக்க வைக்கிற சமாசாரம் ஒன்றுகூட அப்படிச் சுற்றுவதில்லை. எலி கடித்த பெட்ரோல் ஹோஸ், ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஹாரன் வயர், துடைத்துவிட்டு பானெட்டுக்குள் மறந்துவிட்ட துணி. ராத்திரியில் பார்க்கிங் லைட்டும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் நிற்கிற லாரிகளைப் பற்றி எந்தச் சேனலும் சிவப்பு வட்டம் போடவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் புகையில் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் அடுத்தவன் பிழைப்பான்.

மாமாவும் காரில் இரண்டு எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருந்தார். ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும் அந்தக் காரை, மெக்கானிக்கான எங்கள் சித்தப்பா மகன் வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தான். எதையும் தொடவில்லை. முன்பக்கம் ஒரு வயர் நுனியில் செம்பு உருகி உளுந்து அளவு உருண்டையாக நின்றிருந்தது. வயர் ஷார்ட் ஆனாலும் அப்படி உருளுமாம். அதுவே காரணமா, இல்லை தீ வந்த பிறகு ஆனதா என்று லேபில்தான் பார்க்க வேண்டும் என்றான். அதை யாராவது எடுத்து அனுப்பினீர்களா ஐயா? தப்பு மாமா மேலேயே இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்.

கடைசியாக ஒன்று. அக்கா இதுவரை யாரிடமும் கேட்காததை ஒரு நாள் விடியற்காலை அடுப்படியில் வைத்து என்னிடம் கேட்டது. "மோதினதுமே போயிருப்பாரா தம்பி, இல்ல நெருப்பு வர்றப்ப முழிச்சிட்டு இருந்தாரா?" பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இதற்குப் பதில் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் இருக்கும் என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். மூச்சுக்குழாயில் கரி இருந்தால் தீயின்போது மூச்சு இருந்திருக்கிறது. இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே உயிர் போயிருக்கும். எந்தப் பதிலாக இருந்தாலும் அது அக்காவுக்குச் சேர வேண்டியது. கொன்றுவிட்டுக் கொளுத்தினார்கள் என்று பேசுகிறவர்களுக்கும் அதில் பதில் இருக்கும். ஆனால் எனக்கு முதலில் அக்காதான். நகல் கேட்டு விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகிறது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். 90 நாளில் வந்திருக்க வேண்டிய அறிக்கையை இந்த மாதத்துக்குள்ளாவது முடியுங்கள். அதில் காரணத்தைத் தமிழில், எங்கள் வீட்டுப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், எதையெல்லாம் பார்த்தோம், எது கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆள் எரிந்து இறந்த ஒவ்வொரு வழக்கிலும், முதல் வாரத்திலேயே ஒரு அதிகாரி அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். எங்களுக்கு அது நடக்கவில்லை, அடுத்து வருகிறவர்களுக்காவது நடக்கட்டும்.

மழை தொடங்கப் போகிறது. கார் இன்னும் அந்த வேப்பமரத்தடியில் திறந்துதான் கிடக்கிறது, சீட்டு இருந்த இடத்தில் இலை விழுந்து மக்கிக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடச் சொல்லுங்கள். தார்ப்பாய் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள். பந்தல் கடை அண்ணனிடம் இருக்கிறது, நானே போய் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
இறந்தவரின் மைத்துனன்