சுண்ணாம்பு தடவாத வெற்றிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் நடந்த பரதநாட்டியக் கச்சேரிக்கு உங்கள் நாளிதழில் விமர்சனம் வந்திருந்தது. அதே கச்சேரியை நானும் என் அத்தையும் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். அதனால் விமர்சனம் எப்போது வரும் என்று நாலு நாள் காத்திருந்து, வந்த அன்று காலையில் இரண்டு தடவை படித்தேன். ஆடிய பெண்ணின் குரு யார், அன்று என்ன நிறத்தில் உடை, அலாரிப்பு முதல் தில்லானா வரை என்னென்ன உருப்படிகள், எந்தெந்த ராகம், நட்டுவாங்கம் யார், மிருதங்கம் யார், எல்லாம் இருந்தது. கச்சேரியின் பெரிய உருப்படி, முக்கால் மணி நேரம் ஆடிய வர்ணம், அதற்கு மட்டும் ஒரே வரி, அபிநயம் நெஞ்சைத் தொட்டது என்று. சரி, எந்த இடத்தில் தொட்டது, அவள் என்ன செய்தபோது தொட்டது? அது இல்லை. உங்கள் விமர்சகர் கடைசிவரை இருந்து பார்த்திருப்பார் என்றுதான் நம்புகிறேன், பார்த்ததை ஏன் எழுதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வர்ணத்தின் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நாயகி தோழியிடம், போய் அவரை அழைத்து வா என்கிறாள். பாடகர் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார், ஒவ்வொரு தடவைக்கும் அவள் வேறொன்று செய்து காட்டுகிறாள், நடுநடுவே ஜதியும் தீர்மானமுமாகக் கால் வேலை. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, அவர் வந்தால் கொடுப்பதற்கென்று வெற்றிலை மடிக்க உட்கார்ந்தாள். இடது கைதான் வெற்றிலை. வலது கையால் காம்பைக் கிள்ளினாள், நுனியைக் கிள்ளினாள், முந்தானையில் ஒரு துடை, அப்புறம் கையைத் திருப்பி நகத்தால் நரம்பை உரித்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, கூடிப்போகாமல் ஓரத்தில் கொஞ்சம் வழித்துவிட்டு, வெற்றிலையின் பின்பக்கம் தடவினாள். பாக்கு வைத்தாள், மடித்தாள், தட்டில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். ஆள் வரவில்லை. மறுபடியும் அந்த வரி, மறுபடியும் ஒரு வெற்றிலை. இந்தத் தடவை பார்வை முழுக்க வாசலில்தான் இருந்தது, கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது, காம்பு, நுனி, துடை, பாக்கு, மடிப்பு.

"இவ சுண்ணாம்பு வைக்கலையே" என்று அத்தை என் காதில் சொன்னார்.

அத்தைக்கு எழுபத்து நாலு வயது. கும்பகோணம் பக்கம். நாட்டியம் கற்றவர் இல்லை, முத்திரை பெயர் ஒன்றும் தெரியாது, சபாவுக்கு வந்ததே நான் வற்புறுத்திக் கூப்பிட்டதால்தான். ஆனால் அறுபது வருஷமாக வெற்றிலை போடுகிறவர். அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. ஆமாம், கையைத் திருப்பவே இல்லை, ஆள்காட்டி விரல் அசையவே இல்லை. இருபது வருஷமாகக் கச்சேரி பார்க்கிற நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைக் கோட்டை விட்டுவிட்டேன்.

திருமயிலையில் ரயில் ஏறி வேளச்சேரி வந்து சேரும் வரைக்கும் இதே பேச்சுதான். நான், மனசு அவன்மேல் இருந்ததால் மறந்துவிட்டாள், அவ்வளவுதானே அத்தை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சுண்ணாம்பு இல்லாம வாய் செவக்குமாடி? அவன் வர மாட்டான்னு அவ கைக்குத் தெரிஞ்சுபோச்சு, மனசுக்குத்தான் இன்னும் தெரியல" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று. வெற்றிலைச் சிவப்புதான் அங்கே காதலுக்கு அடையாளம், அந்தச் சிவப்பு வராத ஒரு வெற்றிலையை அந்தப் பெண் அவ்வளவு அக்கறையாக மடித்துத் தட்டில் வைக்கிறாள் என்று இப்போது நினைத்தாலும் மனசு என்னவோ செய்கிறது.

எங்கள் குடியிருப்பில் நாட்டியம் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். "அது விட்டுப்போயிருக்கும் ஆன்ட்டி, மேடையில இதெல்லாம் நடக்கும்" என்றாள். இருக்கலாம். ஆனால் முதல் வெற்றிலைக்கு விரல் ஓரத்தை வழிக்கிற அளவுக்குக் கவனமாக இருந்தவள் இரண்டாவதில் அதை விட்டாள், இந்த இரண்டும் என் கண் முன்னால் நடந்தது. நினைத்துச் செய்தாளா, நினைக்காமல் நேர்ந்ததா என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். மேடையில் நடந்ததைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற உரிமை எங்களுக்கு உண்டு. அதற்காக எதையும் எப்படியும் சொல்லிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. அதே வர்ணத்தில் ஓரிடத்தில் அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பினாள், நான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தாளச் சுற்றில் கை காதருகே போனது. காலடிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறாள். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, நான் நினைத்தது தப்பு, அந்தத் தப்பைத் திருத்தியதும் அவள் ஆட்டம்தான். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஆட்டமே இதைச் சொல்லிக்கொடுக்கும், அதற்குச் சாஸ்திரம் படித்திருக்க வேண்டும் என்று இல்லை.

சாஸ்திரமும் பார்க்கிறவரை ஒதுக்கவில்லை. நாட்டிய சாஸ்திரத்தில் ஒரு நிகழ்ச்சி வெற்றி பெற்றதா என்று கண்டுகொள்வதற்கே தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் இரண்டு வகை வெற்றி சொல்லப்படுகிறது. சபையில் இருப்பவர்கள் சிரிப்பது, பலே என்பது, ஐயோ என்பது, மயிர்க்கூச்செறிவது, இதெல்லாம் மானுட வெற்றி. சபை நிறைந்திருக்கிறது, சத்தம் இல்லை, சலசலப்பு இல்லை என்றால் அது தெய்வீக வெற்றி. நம் சபாக்களில் தீர்மானம் முடிந்ததும் கைதட்டல் தவறாமல் வந்துவிடுகிறது, நல்லதுதான், அந்தக் கால்களுக்கு அது தகும். ஆனால் அன்று இரண்டாவது வெற்றிலை மடிக்கும்போது அரங்கத்தில் கிட்டத்தட்ட அரை நிமிடம் ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதி விமர்சனத்தில் வந்திருக்க வேண்டாமா?

இன்னொரு விஷயம். வர்ணம் முடிந்தவுடன் கால்வாசிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி அம்மா 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது நாட்டியக் கச்சேரியைக் கோயிலோடு ஒப்பிட்டுச் சொன்னார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மண்டபம், வர்ணத்தில் சன்னதிக்கே வந்துவிடுகிறோம், அப்புறம் வருகிற பதம் என்ற அபிநயப் பாட்டுதான் கர்ப்பக்கிரகம். அவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டு கர்ப்பக்கிரகத்து வாசலில் நின்று திரும்பிப் போவதுபோல்தான் இது. அன்று பதத்தில் அந்தப் பெண் எழுந்து ஆடவே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே எட்டு நிமிடம், கண்ணும் ஒரு கையும் மட்டும். உங்கள் விமர்சனத்தில் அந்தப் பதத்துக்கு அரை வரிகூட இல்லை.

பார்க்கவிடாமல் செய்கிற காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பாளர் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் வந்து, இப்போது நாயகி அழுவாள், இப்போது கோபிப்பாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், அப்புறம் நாங்கள் அவர் சொன்னது வருகிறதா என்று சரிபார்க்கிறோமே தவிர ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பாட்டு தெலுங்கில் இருந்தால் வரிகளின் அர்த்தத்தைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுங்கள், அது போதும், மிச்சத்தை அந்தப் பெண்ணே சொல்வாள். விளக்கு இன்னொன்று. முகத்தில் சிவப்பு ஒளி, உடனே நீல ஒளி, கண் சிவந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கில் தூண்களின் நிழல் குறுக்கே விழாதபடி விளக்கை நிறுத்தினார்கள் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். அவ்வளவு பழைய காலத்திலேயே ஒரு நிழலுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். இன்றைக்கு முன்வரிசையில் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் அதைக் கீழே இறக்கச் சொல்ல சபாவில் ஆள் இல்லை.

செல்போனில் பதிவாகிவிட்டதே, எழுதுவது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவையும் நான் பார்த்தேன், யாரோ அனுப்பிவைத்தார்கள். தூரத்தில் ஒரு சின்ன உருவம், விரல் நுனி எங்கே தெரிகிறது! சுண்ணாம்பு எடுத்த இடமும் எடுக்காத இடமும் அதில் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பாலசரஸ்வதி அம்மாவைச் சத்யஜித் ராய் படம் எடுத்து வைத்திருக்கிறார், 1976-இல், சுமார் அரை மணி நேரப் படம். ஏழு வயதில் அரங்கேறியவர் ஆயுள் முழுக்க ஆடியதில் பெரும்பகுதி பார்த்தவர்கள் சொல்லியும் எழுதியும்தான் நம்மிடம் வந்திருக்கிறது.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1930-களில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதினார். கச்சேரிக்கே போகாதவர்களும் அதைப் படித்தார்கள். தமிழ்ப் பத்திரிகைக்கு வந்த சொத்து அது, அதை விட்டுவிடாதீர்கள்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். விமர்சகர் எல்லா உருப்படியையும் பட்டியல் போட வேண்டாம், ஒரே ஒரு உருப்படியை எடுத்துக்கொண்டு அதில் அவர் கண்ணால் பார்த்ததை எழுதட்டும், அது எதைச் சொல்வதாக அவருக்குப் பட்டது என்பதையும் கூடவே எழுதட்டும். பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில், ஏன் என்று எழுதட்டும், ஆடுகிறவர்களுக்கும் அதுதான் உதவும். இரண்டாவது, மார்கழி மாதத்தில் மட்டுமாவது வாசகர்கள் தாங்கள் பார்த்த ஒரு நிமிடத்தை நாலு வரியில் எழுதி அனுப்ப உங்கள் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்குங்கள். அத்தைக்கு எழுத வராது, சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்புகிறேன். இடம் போதவில்லை என்றால் நடனமணியின் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை