நரி சோபாவும் உம்மாவின் மாசியும்

நிஷி-கசாய், டோக்கியோ
ஆவணிக் கடைசி

அன்புள்ள சாகுல்,

திட்டாதே. உன் பிள்ளை நிக்காஹுக்கு வரவில்லை, போனில் வாழ்த்துச் சொன்னதோடு சரி, அதற்கப்புறம் ஐந்து மாசமாகச் சத்தமே இல்லை. எல்லாம் தெரியும். படங்களைப் பார்த்தோம். ஒரே சஹன் தட்டைச் சுற்றி நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "சாகுல் மாமாவுக்குப் பக்கத்துல சாப்பாடு கிடைக்காம ஒருத்தர் இருக்காரே, அவரு யாரு?" என்று கேட்கிறாள் என் மகள். உன் மச்சானுக்கு என் அனுதாபங்கள். வாப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது, நம் உப்பளமே தேவலை. இன்னும் இந்த ஊரை நீ 'கசாயம்' என்றுதான் சொல்கிறாயா? சொல்லிக்கொள்.

குசலம் போதும். ஒரு விஷயம் நடந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனதிலிருந்து தலைத்திவசம் முடிகிறவரை கவுச்சி தொடுவதில்லை என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? நீதான் பக்கத்தில் நின்றாய். "உங்கப்பா பார்க்காத வேளையில எங்க வீட்டுல தின்ன, இப்போ அவரு இல்லாத வேளையில நிறுத்துறியா?" என்று கேட்டாய். அப்போது கோபம் வந்தது. இப்போது அந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

விரதம் எடுப்பதற்கு முன் எனக்கு இந்த ஊரில் சாப்பாட்டுக் கவலையே கிடையாது. மத்தியானம் ஆபீஸை விட்டு இறங்கினால் எந்தக் கடையில் வரிசை சின்னதோ அதுதான் என் கடை. மாட்டிறைச்சிக் கிண்ணம், ராமென், கறி ரைஸ், எதுவாயிருந்தாலும் சரி. விரதம் வந்ததும் அத்தனை கதவும் ஒரே நாளில் மூடிக்கொண்டது. கின்ஸாவில் 1949-ல் ஒரு மலையாளி தொடங்கிய நாயர் ரெஸ்டாரன்ட் இன்றும் இருக்கிறது. எங்கள் நிஷி-கசாயில் தோசையே கிடைக்கிறது. ஆனால் ஆபீஸ் இருப்பது கயாபாச்சோவில் (காயல்பட்டினத்துக்காரனுக்கு இந்தப் பெயர் மறக்காது). முக்கால் மணி நேர இடைவேளையில் தோசைக்காக ரயிலேறிப் போய்வர முடியுமா? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்பாய். என் மனைவிக்கும் வேலை இருக்கிறதப்பா.

அப்படித்தான் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சோபாக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயர்தான் சோபா, உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பக்வீட் மாவில் செய்த சாம்பல் நிற நூடுல்ஸுக்கு இங்கே சோபா என்று பெயர். நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போகிற கடை. வாசலில் ஒரு சீட்டு மெஷின். காசைப் போட்டு பொத்தானை அமுக்கிச் சீட்டை வாங்கிக் கவுன்டரில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் கிண்ணம் வந்துவிடும். தண்ணீர் நாமே பிடித்துக்கொள்ள வேண்டியது. பேச்சு கிடையாது, டிப்ஸ் கிடையாது, 'வேறென்ன சார்' கிடையாது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் வரிசையாக நின்று சர்ர்ர் என்று உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான். இங்கே நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சுவது மரியாதைக் குறைவில்லை. ரசம் உறிஞ்சினதற்காக ஹாஸ்டல் வார்டனிடம் நீ வாங்கிய அடியை நினைத்துக்கொள்வேன். நீ பிறந்திருக்க வேண்டிய நாடு இதுதான்.

நான் வாங்குவது கிட்சுனே சோபா. கிட்சுனே என்றால் நரி. பயப்படாதே, நரிக்கு எண்ணெயில் பொரித்த தோஃபு பிடிக்கும் என்று இவர்கள் நம்பிக்கை, அதனால் தோஃபு மிதக்கிற கிண்ணத்துக்கு நரிப் பெயர். 500 யென்னுக்குள் அடங்கிவிடும், நம் கணக்கில் 300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாளே அங்கிருந்த பாட்டியிடம் தெளிவாகக் கேட்டேன். "நிக்கு நாஷி?" இறைச்சி இல்லையே? "நாஷி" என்றாள். மேலே வைக்கிற மீன் கேக் துண்டைக் காட்டி அது வேண்டாம் என்றேன். மறுநாளிலிருந்து நான் சொல்லாமலே அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூடக் கொஞ்சம் வெங்காயத்தாள் போட்டாள். ஒன்பது மாசம், வாரத்துக்கு நாலு நாள். லீவு நாளெல்லாம் கழித்தாலும் 140 கிண்ணத்துக்குக் குறையாது.

போன மாசம் ஒருநாள் ரயில் தாமதம். பத்தரைக்குத்தான் கயாபாச்சோவில் இறங்கினேன். அந்த நேரத்துக்கு நான் அந்தக் கடை வழியாகப் போனதே இல்லை. மத்தியானத்துக்குச் சாறு வைக்கிற வேளை. கதவு பாதி திறந்திருந்தது. அண்டா கொதிக்கிறது, பாட்டி ஒரு பெரிய பையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போடுகிறாள். தச்சுப் பட்டறையில் இழைப்புளி சீவித் தள்ளுமே, அதே மாதிரி இளஞ்சிவப்புச் சீவல். போட்ட நிமிஷம் ஆவி எழுந்து என் முகத்தில் அடித்தது.

சாகுல், உங்கள் வீட்டு அடுக்களையடா அது. உம்மா உரலில் மாசி இடிக்கிற வாசனை.

கட்சுவோபுஷி என்று பெயர். நம் சூரை மீனேதான். வேக வைத்து, முள்ளெடுத்து, திரும்பத் திரும்பப் புகை போட்டுக் காயவிடுகிறார்கள். உயர்ந்த ரகமென்றால் அதன்மேல் பூஞ்சணம் பிடிக்கவிட்டு மறுபடி வெயிலில் போடுவார்கள், மாசக் கணக்கில். கடைசியில் கட்டை ஆகிவிடும். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் மரம் மாதிரியே சத்தம் கேட்கும். மாலத்தீவிலிருந்து வருகிற மாசியும் அதே சூரைதான், வேக வைத்துப் புகை போட்டுக் காயவைத்ததுதான். பூஞ்சணம் ஒன்றுதான் கிடையாது. அவர்கள் சீவுகிறார்கள், உம்மா இடிக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டியிடம் கேட்டேன்: "இது மீன்தானே?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "மீன் இல்லையே, தாஷிதானே" என்றாள். ஏமாற்றவில்லையப்பா. சாம்பாரில் என்ன காய் என்று கேட்டால் நாம் பெருங்காயத்தையா சொல்வோம்? இவர்களுக்குத் தாஷி என்கிற அடிச்சாறு அப்படி. அது மீன் இல்லை, ருசி.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சொன்னேன். என் மனைவி ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. "ஒன்பது மாசமா மீன் தண்ணியிலயே நீந்திட்டு, என் சட்டியில முட்டை உடைச்சேன்னு என்னைத் தனிச் சட்டி வாங்க வச்சீங்களே!" என்று கேட்டாள். பதில் இல்லை.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் துப்பறியும் வேலைதான். மீசோ சூப்பில் தாஷி. முட்டைச் சுருளில் தாஷி. கத்திரிக்காய் தெம்புரா என்று நிம்மதியாக எடுத்தால், தொட்டுக்கொள்கிற சாற்றில் தாஷி. ஆபீஸ்காரர்களோடு இசகாயா என்கிற மதுக்கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்ததுமே நீ கேட்காத ஒரு சின்னக் கிண்ணத்தை முன்னால் வைத்து அதற்கும் பில் போடுவார்கள், இருக்கை வாடகை மாதிரி. அன்றைக்கு வந்தது கீரை, அதன் தலையில் சீவல். குளிர்ந்த தோஃபு சொன்னேன், அதன் தலையிலும் சீவல். பக்கத்தில் ஒருவர் வாங்கிய ஒக்கோனோமியாக்கியில் அந்தச் சீவல் சூட்டுக்கு நெளிந்து நெளிந்து ஆடுகிறது, என்னைப் பார்த்து ஆடுகிற மாதிரியே இருந்தது. கடைசியில் வேக வைத்த சோயா மொச்சையை உப்போடு தின்றுவிட்டு ஆளுக்குச் சமமாகப் பிரித்த பில்லைக் கட்டிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு விலை கொடுத்து மொச்சை தின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சுழல் சுஷிக் கடைக்குப் போனோம். 1958-ல் ஒசாகா பக்கம் ஒருவர் பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பட்டையில் ஓடுவதைப் பார்த்து ஆரம்பித்தது. இப்போது பல கடைகளில் தட்டு சும்மா சுற்றுவதில்லை, திரையைத் தொட்டால் நம் மேஜைக்கு நேராக ஓடி வந்து நிற்கிறது. மகளுக்கு அது விளையாட்டு. நான் வெள்ளரிக்காய்ச் சுருள் மட்டும் எட்டுத் தட்டு. வெற்றி என்று நினைத்துக்கொண்டே சோயா சாஸ் பாட்டிலைத் திருப்பினால், அதிலும் தாஷி.

உனக்கு ஒரு தகவல். இந்த ருசி என்னவென்று முதலில் கண்டுபிடித்தவர் டோக்கியோ பல்கலைக்கழகத்து இகேதா கிகுனாயே, 1908-ல். அவர் எடுத்தது மீனிலிருந்து இல்லை, கொம்பு என்ற கடல்பாசியிலிருந்து. அதுதான் அடுத்த வருஷமே அஜினமோட்டோவாகக் கடைக்கு வந்தது. சூரையில் இருப்பது வேறு பொருள் என்று 1913-ல் அவர் மாணவர் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்காகிவிடுகிறது. இங்கே புத்த மடத்துச் சமையலில் மீனைத் தொடாமல் கொம்பும் காளானும் வைத்தே சாறு எடுக்கிறார்கள். ஆக வழி இல்லாமல் இல்லை. ஆனால் மடத்துச் சாப்பாட்டுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், தரையில் உட்கார வேண்டும், என் அரைநாள் சம்பளத்தை வைக்க வேண்டும். நான் தேடுவது ஸ்டேஷன் வாசலில் ஏழு நிமிஷத்தில் வயிற்றை நிரப்புகிற கடை.

நீ ரொம்பச் சிரிக்க வேண்டாம். நீ இங்கே வந்தால் உன் பாடு என்னைவிட மோசம். அந்தச் சாற்றில் மிரின் என்று அரிசி மது ஒன்றும் ஊற்றுவார்கள். தெரியாமல் தின்ற பாளையங்கோட்டை பஃப்ஸுக்கே மூன்று நாள் தூங்காதவன் நீ.

இவ்வளவும் வேடிக்கை. இதற்காக மட்டுமென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு அந்த வாசனை முதல் நாளே தெரியும், சாகுல். முதல் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டு போகும்போதே மூக்கு சொல்லிவிட்டது. ஏழாம் வகுப்பிலிருந்து உங்கள் வீட்டில் மாசிச் சம்பல் தின்றவனுக்கா தெரியாமல் போகும்? அதனால்தான் பாட்டியிடம் இறைச்சியைக் கேட்டேன், துண்டைக் கேட்டேன், சாற்றைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அந்த மழைக்கால மத்தியானங்களில் அந்த ஒரு கிண்ணம் இல்லையென்றால் எனக்கு எதுவும் பிடித்திருக்காது. அப்பா போன வருஷம் அது. ஊர் வாசனை வருகிற ஒரே இடம் அதுதான். அது என்ன வாசனை என்று மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அப்பாவும் இப்படித்தானே செய்தார்? உங்கள் வீட்டிலிருந்து நான் எத்தனை சாயங்காலம் வந்திருப்பேன். வாயைக் கொப்பளித்திருப்பேன், கையைக் கழுவியிருப்பேன். மாசி வாசனை அவ்வளவு சுலபமாகப் போகுமா? ஒருநாள் திருநீறு பூசிவிட வந்தவர் என் கையைப் பிடித்தார், ஒரு கணம் நின்றார். "ஏலே, சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவிட்டு வா" என்றார். அவ்வளவுதான். எங்கே போனாய், என்ன தின்றாய், ஒரு கேள்வி கிடையாது. உங்கள் வீட்டுக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

நரிதாவிலிருந்து மாறி மாறிப் பறந்து நான் வந்து சேர்கிறவரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் நீ. நான் அங்கே இல்லாததற்குத்தான் இந்த விரதமே. அதையும் ஒழுங்காக முடிக்கவில்லை. இப்போது அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால், "அங்க எதைத்தான் தின்ன முடியும், போகட்டும்" என்பாள், அப்புறம் ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுவாள். சொல்லாவிட்டால் திவசத்தன்று மணையில் உட்கார எனக்குக் கூசும். விரதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்றும் யோசித்தேன். உன் புத்தி என்ன சொல்கிறது, நேராக எழுது. பஃப்ஸ் விஷயத்தில் நான் உனக்குச் சொன்ன சமாதானத்தையே எனக்குத் திருப்பிச் சொல்லாதே. எனக்குத் தெரிந்தே நடந்தது இது.

இப்போதைக்கு அந்தக் கடைக்கே போகிறேன். ஆனால் வாங்குவது ஜாரு சோபா, சாற்றில் முங்காமல் மூங்கில் தட்டில் தனியாக வருகிற குளிர்ந்த நூடுல்ஸ். தொட்டுக்கொள்ளச் சாறு வேண்டாம், உப்புப் போதும் என்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சோபாவின் ருசி தெரிந்த பெரிய ரசிகர்கள்தான் உப்போடு தின்பார்களாம். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பெரிய ஞானி என்று நினைத்திருப்பார். உப்புச் சப்பு என்பதில் உப்பு மட்டும் இருக்கிறது.

ஐப்பசி முதல் வாரம் வருகிறேன். திவசம் முடிந்த மறுநாள் மத்தியானம் சாப்பாடு உங்கள் வீட்டில். உம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு, கத்திரிக்காய் எல்லாம் வேண்டாம், சோறும் மாசிச் சம்பலும் போதும். சுகிஜி சந்தையில் சொல்லி வைத்து ஒரு முழுக் கட்டை கட்சுவோபுஷி வாங்கி வருகிறேன், சீவாதது. உம்மா உரலில் போட்டு இடித்துப் பார்க்கட்டும். உரல் உடைந்தால் புதுசு நான் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்
முருகேசன்

பி.கு: அம்மா உன் வீட்டுக்கு வந்தால் இந்தக் கடிதத்தை மேஜைமேல் போட்டு வைக்காதே. ஹெட்மாஸ்டர் சைக்கிள் விஷயத்தில் நீ சீட்டைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்த லட்சணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.